மூன்றாம் லைனை ஓட வைத்தது யார்?

ஐயா, நீங்கள் மேடையில் சொன்னது பொய்.

கொழும்பு ஒருகொடவத்தையில் நான் ஆயுளின் பாதியைத் தின்னக் கொடுத்த ஆடைத் தொழிற்சாலையின் தலைவரே, உங்களைத்தான் சொல்கிறேன். அப்போது நீங்கள் பணிப்பாளர். அண்மையில் நிறுவனத்தின் ஆண்டு விழாவைப் பெரிய ஹோட்டலில் வைத்தீர்கள். ஓய்வுபெற்ற எங்களையும் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைத்தீர்கள். "போர்க்காலத்தில் எமது ஊழியர்கள் இனம் மறந்து ஒரே அணியாக உழைத்தார்கள். அந்தக் கூட்டுப்பணி மனப்பான்மையை நான் சிங்கப்பூர்ப் பயிற்சியில் கற்று வந்து இங்கே விதைத்தேன்" என்றீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

எனக்குப் பக்கத்தில் இப்போது லைன் லீடராக இருக்கும் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தது. "அன்ட்டி, உண்மையாவே அப்படியா?" என்று கேட்டது.

"அவர் சிங்கப்பூர் போனது உண்மை," என்றேன்.

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு விடவில்லை. அவர்களுக்கும் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்கிறார்களாம். ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், பலூன் ஊதி, அதில் கோபுரம் கட்டச் சொன்னார்களாம். "லைனுக்குத் திரும்பி வந்தா ஒருத்தி மற்றவளுக்குக் கத்தரிக்கோல் குடுக்க மாட்டாள் அன்ட்டி. நீங்க எப்படிச் செய்தீங்க? எழுதித் தாங்க" என்றது. அதனால் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத வரும்.

என் பெயர் பிலோமினா. கொட்டாஞ்சேனை. அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அவருக்கு இடுப்பு போனதும் நான் பள்ளிக்கூடத்தை விட்டு கார்மென்ட்ஸுக்குப் போனேன். ஹெல்பராக நூல் வெட்டினேன், பிறகு பொக்கெட் தைத்தேன், பிறகு மூன்றாம் லைனுக்கு சுப்பவைசர் ஆனேன். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை. எல்லாப் பெண்களும் அப்படித்தான் வந்தார்கள்.

லைன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சேர்ட்டை ஒருத்தி முழுதாகத் தைப்பதில்லை. ஒருத்தி கொலர், ஒருத்தி கஃப், ஒருத்தி கை, ஒருத்தி பொத்தான் துளை. துணி கைக்குக் கை போகும். நடுவில் ஒருத்தி இல்லாவிட்டால் அவளுக்குப் பின்னால் இருக்கிற எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் கொலர்க்காரி ராசமணி அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். சிங்களம் அவ்வளவாக வராது. கொலரின் இரண்டு முனையும் ஒரே அளவாக, ஒரே கூராக வரவேண்டும். அதற்குக் கட்டிங் அறையிலிருந்து ஒரு மட்டை அளவு தருவார்கள். அந்த மட்டை கொஞ்ச நாளில் ஓரம் தேய்ந்துவிடும். ஒரு முனை நீண்டும் மற்றது கட்டையாகவும் வரும். ராசமணி அக்கா அந்த மட்டையைத் தொடவே மாட்டார். பழைய எக்ஸ்ரே படத் துண்டொன்றைக் கொலர் முனையின் வடிவத்துக்கு வெட்டி, ஊசியால் கோடு கீறி வைத்திருந்தார். மெல்லியது, தேயாது, ஊடாகத் துணியும் தெரியும். அதை வைத்துக் கோடு போட்டால் பிழையே வராது.

இப்படி எல்லாரிடமும் ஒன்று இருந்தது. கஃப் தைக்கிற குசுமிடம் பிளாஸ்டிக் மூடியில் வெட்டிய வளைவு ஒன்று. பொக்கெட்காரியிடம் தகரத் துண்டு. ஒருத்தி மற்றவளுக்குக் காட்ட மாட்டாள். வேலை முடிந்ததும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். காட்டினால் பக்கத்து லைன்காரி களவெடுப்பாள், அதைவிட மோசம், மேலிடத்துக்குத் தெரிந்தால் "இவ்வளவு சுலபமா? அப்போ டார்கெட்டைக் கூட்டு" என்பார்கள். முன்பு ஒரு தடவை அப்படித்தான் நடந்தது. டார்கெட்டைக் கூட்டியவர் யார் என்று உங்களுக்கு நினைவிருக்கும் ஐயா.

எங்கள் முகாமையாளர் சந்திரா மிஸ். சிங்களப் பெண், களனிப் பக்கம். கத்த மாட்டார். காலையில் லைனைத் தலைகீழாக நடந்து பார்ப்பார். எல்லா முகாமையாளரும் கட்டிங்கில் தொடங்கி பெக்கிங்கில் முடிப்பார்கள். இவர் பெக்கிங்கில் தொடங்கி கட்டிங்குக்கு வருவார். "முடிவில என்ன தேங்கி நிக்குதெண்டு பார்த்தாத்தான் தொடக்கத்தில யாருக்கு என்ன கஷ்டமெண்டு விளங்கும், பிலோமினா" என்பார்.

யாராவது பிழையாகத் தைத்தால் ஏச மாட்டார். அவளை எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் தானே உட்காருவார். ஒரு துண்டு தைப்பார். மிக மோசமாகத் தைப்பார். பிறகு அதை அவளிடமே கொடுத்து, "நான் என்ன பிழை விட்டனான்? சொல்லு" என்பார். அவள் முதலில் வெட்கப்படுவாள். பிறகு "மிஸ், நீங்க துணியை இழுத்தீங்க" என்பாள். அதற்குப் பிறகு "மிஸ், இந்த லைட் எனக்கு நிழல் விழுத்துது" என்பாள். லைட்தான் உண்மையான பிழை. அன்றே லைட் மாறும். கதிரையில் உட்காராமல் அது தெரியவராது. நீங்கள் ஒருநாளும் அந்தக் கதிரைகளில் உட்கார்ந்ததில்லை.

ஆனாலும் எக்ஸ்ரே துண்டு விஷயத்தை நாங்கள் அவருக்கும் சொல்லவில்லை. அவர் நல்லவர்தான், ஆனால் மேலிடம்.

அது சுற்றிவளைப்புக் காலம். எங்காவது ஒரு குண்டு வெடித்தால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடியும்போது ஒழுங்கை ஒழுங்கையாகப் பூட்டிவிடுவார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தால் வண்டியில் ஏற்றுவார்கள். கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிந்திருந்தாலும் ஏற்றுவார்கள். சிலர் பகலிலேயே வருவார்கள், சிலர் வர நாளாகும்.

அன்று லண்டன் ஓடர். வெள்ளைச் சேர்ட். கொள்கலன் லொறி முதல்நாளே முற்றத்தில் வந்து நின்றது. அன்று மாலை துறைமுகத்துக்குள் போகாவிட்டால் கப்பல் போய்விடும். கொலர் மட்டும் பாக்கி. காலையில் மணி அடித்தது, கொலர் மெஷின் காலி. தெஹிவளையிலிருந்து ரயிலில் வருகிற பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "பிலோ அக்கா, வெள்ளவத்தையைச் சுத்தி வளைச்சிருக்கு. ராசமணி அக்காவை ஏத்திக்கொண்டு போனதை ரயிலில வாற வழியில ஜன்னலால பார்த்தனான். எங்கட ஆக்கள் இன்னும் கொஞ்சப் பேரும் இருந்தவை."

நீங்கள் கீழே இறங்கி வந்தீர்கள். அந்த லைனில் அன்று இருந்தவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அதனால் வார்த்தையை மாற்ற முடியாது. "ஒவ்வொரு தடவையும் இந்த ஆட்களால்தான் பிரச்சினை. இன்றைக்கு இந்தக் கொள்கலன் போகாவிட்டால் நாளையிலிருந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆட்கள் ஒருவரும் வரத் தேவையில்லை. ஊரிலிருந்து புது ஆட்களைப் பிடிக்கிறேன்" என்றீர்கள். சிங்களத்தில் சொன்னீர்கள். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்.

எங்கள் தமிழ்ப் பெண்களின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. அதில் பாதிப் பேரின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. என் வீடும்.

சந்திரா மிஸ் உங்களோடு வாதாடவில்லை. கழுத்தில் ரிப்பனில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் தொங்கும் அவருக்கு. அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

"ஃப்ளோர் உன்ட பொறுப்பு. நான் பொலிஸுக்குப் போறன்."

"நீங்களா? பியூனை அனுப்புங்கள்," என்றீர்கள் நீங்கள்.

"பியூன் கேட்டா ஆளைக் குடுக்க மாட்டாங்க சேர். நான் கேட்டாலே குடுப்பாங்களோ தெரியாது."

"மிஸ், நான் வாறன், எனக்கு எங்கட ஆக்களின்ர கதை விளங்கும்," என்றேன்.

"நீ வந்தா உன்னையும் சேர்த்தெல்லே நான் வெளியில எடுக்கோணும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குத் தமிழ் சுமாராக வரும். எங்களோடு பழகிப் பழகி எங்கள் மாதிரியே கதைப்பார்.

கொலர் தைக்கத் தெரிந்த இன்னொருத்தி குசும் மட்டுந்தான். ராசமணி அக்காவுக்கும் அவளுக்கும் பல காலமாக ஆகாது. முன்பு அவள்தான் கொலர் தைத்தாள், ராசமணி அக்கா வந்ததும் கஃபுக்கு மாற்றப்பட்டாள். குசும் சிங்களப் பெண்; நான் போய்ச் சிங்களத்தில்தான் கேட்டேன். அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏன் நான் தைக்கோணும்? அவள் போனா என் தங்கச்சிக்கு ஒரு இடம் வரும்."

உண்மையைத்தான் சொன்னாள். எனக்கு இனிப்பாகக் கதைக்க வராது. "சரி. இவ்வளவு காலமும் கன்டீனில இருந்து என்ன சொன்னாய்? ராசமணியின்ட கொலரை விட உன்ட கொலர் நல்லமெண்டு. இண்டைக்கு முழு லைனும் பார்த்துக்கொண்டிருக்கு. தைக்கத் தெரியாதெண்டா தெரியாதெண்டு சொல்லு, நான் நாலாம் லைனில ஆள் கேக்கிறன்" என்றேன்.

"நாலாம் லைனிலயா? அவளுகளுக்குத் தலகாணி உறை தைக்கத் தெரியுமா?" என்று எழும்பினாள்.

எழும்பிக் கொலர் மெஷினில் உட்கார்ந்தாள். ஆனால் கையில் இருந்தது கட்டிங் அறையின் தேய்ந்த மட்டை. முதல் கட்டுக் கொலர்களில் பாதி செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தது. ஒரு முனை நீளம், ஒரு முனை கட்டை. குசும் தன்னைத்தானே ஏசிக்கொண்டு மறுபடி தைத்தாள். மறுபடியும் திரும்பி வந்தது. பின்னால் இருந்த பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். முற்றத்தில் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

அப்போது ஒஃபிஸில் எனக்கு ஃபோன் என்றார்கள். ஒஃபிஸ் ஜன்னல் லைனுக்குள்தான் திறக்கும். நான் ஃபோனை எடுத்தபோது லைன் முழுக்க ஜன்னலில் நின்றது.

சந்திரா மிஸ். குரல் தாழ்ந்திருந்தது. "பிலோமினா, மற்றாக்களை விடலாமெண்டுறாங்க. ராசமணியை விட மாட்டாங்களாம். அவளின்ட பேக்கில எக்ஸ்ரே துண்டொண்டு இருந்ததாம், அதில கோடு கீறியிருக்காம். ஏதோ இடத்தின்ட வரைபடமெண்டு சொல்றாங்க. நான் என்னெண்டு கேட்டன். ஒண்டுமில்லை, குப்பை எண்டுறாள். குப்பையை யார் துணியில சுத்தி வைப்பாங்க? பொறுப்பதிகாரி இவளை மேல விசாரணைக்கு அனுப்பப் போறாராம். அது என்ன?"

ராசமணி அக்கா ஏன் சொல்லவில்லை என்று எனக்கு உடனே விளங்கியது. கேட்டது சந்திரா மிஸ். மிஸ்ஸுக்குச் சொல்லக்கூடாதது அது. பொலிஸ் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டும் அந்த மனிசிக்கு டார்கெட்தான் பயம். லைனை மாட்டிவிடக்கூடாது என்ற பயம். வெளியில் இருக்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அந்த லைனில் இருந்தவர்களுக்கு அப்படித் தெரியாது.

நான் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நடந்ததை இரண்டு பாஷையிலும் சொன்னேன்.

"சொல்லாதீங்க அக்கா," என்றாள் பொக்கெட்காரி. "எங்கட எல்லாற்ற அளவும் வெளியில வரும். நாளைக்கே டார்கெட் ஏறும்."

"அவள் பொலிசில இருக்கிறாள்," என்றேன்.

"இருக்கிறாள்தான். ஆனா நாங்க இங்க இருக்கோணுமே?"

குசும் கொலர் மெஷினிலிருந்து எழும்பினாள். தன் பழைய இடத்துக்குப் போய்க் கைப்பையைத் திறந்தாள். அந்தப் பிளாஸ்டிக் வளைவைக் கொண்டு வந்து ஜன்னல் வழியாக என் முன்னால் போட்டாள். டொக் என்று சத்தம் கேட்டது.

"சொல்லு. என்னுடையதையும் சொல்லு. இவ்வளவு நேரமும் அந்த மட்டையோட மாரடிச்சுப் பார்த்திட்டன். அவள் குப்பையெண்டு சொல்ற சாமான் இல்லாட்டி இந்த லைன் ஓடாது."

பிறகு பொக்கெட்காரி தன் தகரத் துண்டை வைத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக. துணித் துண்டில் சுற்றியது, ரப்பர் வளையம் போட்டது, மருந்துப் பெட்டியில் வெட்டியது. ஒன்றாக வேலை செய்தோம், ஒருத்தியின் பையில் என்ன இருந்தது என்று மற்றவள் அன்றுதான் பார்த்தாள்.

"மிஸ்," என்றேன், "அது கொலர் முனையின்ர அளவு. அவ கொலர் தைக்கிறது அதை வைச்சுத்தான். எங்கள் எல்லாரிட்டயும் ஒவ்வொண்டு இருக்கு."

மிஸ் கேட்டார்: "எனக்குத் தெரியாம?"

"உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டுதான் மிஸ்."

"ஏன்?"

"டார்கெட்."

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். "டார்கெட் ஏறாது. என் வாக்கு. எல்லாருக்கும் சொல்லு" என்றார். நான் ஜன்னலில் அப்படியே சொன்னேன்.

அதற்குப் பிறகு பொலிஸில் நடந்ததை அவரே எங்களுக்குச் சொன்னார், ஒருமுறை அல்ல, கேட்கிற போதெல்லாம். பொறுப்பதிகாரி நம்பவில்லையாம். மிஸ் அந்த எக்ஸ்ரே துண்டைக் கேட்டு வாங்கி, "கொஞ்சம் அசையாம இருங்க சேர்" என்று சொல்லி, அவருடைய சேர்ட் கொலரின் முனையில் வைத்தாராம். கோடும் முனையும் அச்சொட்டாகப் பொருந்தியதாம். மற்ற முனையில் வைத்தாராம். அங்கே பொருந்தவில்லை. "உங்கட தையல்காரன் உங்களை ஏமாத்தியிருக்கிறான் சேர். இந்த முனை கட்டை. இவள் தைச்சிருந்தா இப்படி வராது" என்றாராம். பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் முதலில் சிரித்தாராம். பிறகு பொறுப்பதிகாரி கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கூட்டிக்கொண்டு போங்க" என்றாராம். "எல்லாரையும்," என்றாராம் மிஸ். எல்லாரையும்தான் விட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முச்சக்கர வண்டிகள் வந்தன. வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள் என்று மிஸ் சொல்லியும் ஒருத்தியும் போகவில்லை. ராசமணி அக்கா நேரே லைனுக்குள் வந்தார். தலைமயிர் கலைந்திருந்தது, சேலையில் சேறு. கொலர் மெஷினில் குசும் இருந்தாள். எல்லா மெஷினும் நின்றன. இப்போது சண்டை வரும் என்றுதான் நான் நினைத்தேன், கழுத்தில் கிடந்த கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டேன்.

குசும் எழும்பப் போனாள். ராசமணி அக்கா அவள் தோளைப் பிடித்து இருத்தினார். எக்ஸ்ரே துண்டை மெஷின் மேல் வைத்தார்.

"இருந்து தை. நான் கோடு போட்டுத் தாறன், தைச்சதைத் திருப்பியும் விடுறன். ரெண்டு கையால செய்யிறது நாலு கையால ஓடும்."

குசுமுக்குத் தமிழ் அரைகுறை. "என்ன சொல்றா?" என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன்.

"அவட கோடு கோணினா நான் ஏசுவனெண்டு சொல்லு."

சொன்னேன். "அவள் இழுத்துத் தைச்சா நான் அடிப்பனெண்டு சொல்லு," என்றார் ராசமணி அக்கா.

அன்றுதான் முதல் தடவையாக அந்த லைனில் இரண்டு பேர் ஒரு வேலையைச் செய்தார்கள். ஒருத்தி கோடு போட, ஒருத்தி தைக்க, தைத்ததை முதல்காரி திருப்பிக் குச்சியால் முனையைக் குத்தி எடுக்க. செக்கிங்கிலிருந்து ஒரு கொலர் திரும்பி வரவில்லை. பின்னால் இருந்தவர்களுக்கு வேலை குவிந்தது. தமது வேலை முடிந்தவர்கள் எழும்பிப் போய்ப் பொத்தான் வைத்தார்கள், மடித்தார்கள், பெட்டி ஒட்டினார்கள். உங்களுக்குக் கணக்கெழுதுகிற பெண்கூட இறங்கி வந்து நூல் வெட்டினாள். நீங்கள் மேலே கண்ணாடி அறையில் இருந்தீர்கள். வெயில் இறங்க முன்னர் லொறி கேட்டைத் தாண்டியது. லொறிக்காரன் இந்தத் தடவை ஹோர்னை வேண்டுமென்றே நீட்டி அடித்துக்கொண்டு போனான். நாங்கள் கத்தியது ஒருகொடவத்தை முழுக்கக் கேட்டிருக்கும்.

மறுநாள் நீங்கள் சந்திரா மிஸ்ஸைக் கூப்பிட்டு, "இவ்வளவு தைக்க முடியுமென்றால் டார்கெட்டைக் கூட்டலாமே" என்றீர்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். "கூட்டினா நான் போறன் சேர். நான் போனா அந்த அளவுகள் எல்லாம் திரும்பக் கைப்பைக்குள்ள போகும். பிறகு நீங்க வந்து கொலர் தையுங்க" என்றார். டார்கெட் ஏறவில்லை.

அதன் பிறகு மிஸ் சுவரில் ஒரு பலகை அடித்தார். எல்லா அளவுகளும் அதில் தொங்கின. யார் செய்ததோ அவள் பெயரோடு. யாரும் எடுக்கலாம், வேலை முடிய அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் இருப்பவளின் வேலையையும் பின்னால் இருப்பவளின் வேலையையும் பழகினாள். பழக்கியது நாங்களே. அதற்குப் பிறகும் சுற்றிவளைப்பு வந்தது, அதற்குப் பிறகும் எங்கள் ஆட்களை ஏற்றினார்கள். ஆனால் மூன்றாம் லைன் நிற்கவில்லை. ஒருத்தி இல்லாத நாளில் அவளுடைய வேலையை அடுத்தவள் பிடித்தாள். போனவர்களை எடுக்க யாராவது ஒரு சிங்களப் பெண் பொலிஸுக்குப் போனாள். அதற்கும் முறை வைத்திருந்தோம். குசும் தன் முறை வராத நாளிலும் போவாள், "எனக்குப் பொலிஸ்காரனோட சண்டை பிடிக்க ஆசை" என்பாள். அவளுடைய தங்கச்சிக்கும் வேலை கிடைத்தது. ஒருவரின் இடத்தையும் பறிக்காமல், லைன் பெருத்ததால் கிடைத்தது.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெண்கள் ஒருவரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. ராசமணி அக்கா ஓய்வு வயது வரை கொலர் தைத்தார். மிஸ் ஓய்வில் போன பிறகு அந்தத் தளத்தை நான் நடத்தினேன். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவரின் மகள் நான், முகாமையாளராகத்தான் ஓய்வு பெற்றேன். இதில் எனக்கு அடக்கம் ஒன்றும் கிடையாது. நாங்கள் வென்றோம்.

நீங்கள் சிங்கப்பூர் போனது அந்தப் பலகை அடித்துப் பல காலத்துக்குப் பிறகு. வந்து அதைப் படம் பிடித்தீர்கள். ஆண்டு விழா மேடையில் உங்களுக்குப் பின்னால் திரையில் பெரிதாகக் காட்டியது அந்தப் படத்தைத்தான். பெயர்கள் இருந்த பக்கத்தை வெட்டிவிட்டிருந்தீர்கள். சந்திரா மிஸ் களனியில் உயிரோடு இருக்கிறார், அவருக்கு அழைப்பிதழ் போகவில்லை.

எனக்குப் பரிசு வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேசவும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் கைதட்டிய அத்தனை பேரையும் மறுபடி கூப்பிடுங்கள். சந்திரா மிஸ்ஸையும் குசுமையும் ராசமணி அக்காவையும் முன்வரிசையில் இருத்துங்கள். அதே மேடையில் ஏறி, அவர்கள் முகத்தைப் பார்த்து, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒலிவாங்கியில் பதில் சொல்லுங்கள்: கொலர் மெஷின் காலியாகக் கிடந்த அந்தக் காலையில், லைனுக்கு முன்னால் நின்று நீங்கள் சொன்னது என்ன?